ஆசியப் பின்னணியில் ஒரு ஃபேன்டஸி நாவல், ஆட்கள் மனசுல நிக்கணும்: எதைப் படிக்கலாம்?

நிலாமுற்றம்

எல்லாருக்கும் வணக்கம். ஒரு நாவல் சிபாரிசு வேணும். கோட்டை, குதிரைவீரன், பனிமலைக்கு அந்தப்பக்கம் அரக்கர் படைன்னு ஐரோப்பிய பாணி ஃபேன்டஸி நிறையப் படிச்சாச்சு. இனி ஆசிய மண்ணுல வேர் பிடிச்ச கதை ஒண்ணு படிக்கணும்னு ஆசை. மந்திரம் எப்படி வேலை செய்யுதுங்கிறதுல எனக்குப் பெரிய அக்கறை இல்ல. ஆட்கள்தான் முக்கியம். புத்தகத்தை மூடி வச்ச பிறகும் இவங்கல்லாம் இப்ப என்ன பண்ணிட்டு இருப்பாங்கன்னு நினைக்க வைக்கணும்.

முதல் புத்தகம் தன்னளவுல முடிஞ்சா நல்லது. இங்கிலீஷ்ல படிப்பேன். அக்கா மகளும் என்கூடச் சேர்ந்து படிக்கப் போறா, ஒன்பதாவது போறா. அதனால ரொம்பக் கொடூரமா இருந்தா அதையும் சொல்லிடுங்க. முக்கியமான முடிச்சுகளை மட்டும் அவிழ்த்துடாதீங்க.

கரிசல் காத்து

ஃபோண்டா லீ எழுதின 'ஜேட் சிட்டி'. யோசிக்காம எடுங்க. 2017ல வந்தது, அடுத்த வருஷம் வேர்ல்ட் ஃபேன்டஸி விருதைப் பகிர்ந்துகிட்டது.

கெகோன்னு ஒரு தீவு. அங்க கிடைக்கிற பச்சைக்கல்லை உடம்புல அணிஞ்சா அசுர பலம் வரும், எதிர்ல நிக்கிறவனோட நெஞ்சுத்துடிப்பைக்கூட உணர முடியும். ஆனா எல்லா உடம்பும் அதைத் தாங்காது. பரம்பரையும் வேணும், பல வருஷப் பயிற்சியும் வேணும். கார், டெலிபோன், டிவி எல்லாம் இருக்கிற நகரம் அது. அதுல கல் அணிஞ்ச ரெண்டு குலங்கள் தெருத்தெருவா மோதிக்குது. பழைய ஹாங்காங் கேங்ஸ்டர் படம் பார்த்து வளர்ந்தவங்களுக்கு முதல் பக்கத்துலயே வாசனை பிடிபட்டுடும்.

கதை கவுல் குடும்பத்தோடது. தாத்தா விடுதலைப் போர்ல நின்ன வீரர், இப்ப வயசாகி நிதானம் தப்புது. மூத்த பேரன் லான் குலத்தலைவர், தாத்தாவோட பேருக்குக் கீழயே அவரோட ஒவ்வொரு முடிவும் நசுங்குது. அடுத்தவன் ஹிலோ, சண்டைக்காரங்களுக்குத் தளபதி. தன் ஆளுங்க மேல அவன் வைக்கிற பாசமும் எதிரி மேல காட்டுற வெறியும் ஒரே ஊத்துலேர்ந்து வருது. தங்கச்சி ஷே, கல்லையெல்லாம் கழட்டி வச்சுட்டு வெளிநாடு போயிட்டுத் திரும்பி வர்றா. குடும்பத் தொழில் பக்கமே போக மாட்டேன்னு தீர்மானமா இருக்கா. தத்தெடுத்து வளர்த்த ஆண்டனுக்கு, தன்னைப் பெத்த அம்மாவுக்கு நேர்ந்த கதி தனக்கும் வந்துடுமோன்னு பயம்.

எனக்கு ரொம்பப் பிடிச்சது வென், ஹிலோவோட காதலி. கல்லைத் தொட்டாலும் எதையுமே உணராத பிறவி. ஊர் அதை அபசகுனமா நினைக்குது. அவளைப் பார்த்தா காதுமடலைப் புடிச்சு இழுத்துக்கிறாங்க, தோஷம் ஒட்டிடக் கூடாதுன்னு. நல்ல காரியத்துக்குக் கிளம்பறப்போ எதிர்ல விதவை வந்தா திரும்பி வந்து தண்ணி குடிச்சுட்டுப் போன பெரியவங்களை நான் பார்த்திருக்கேன். அந்தக் காதுமடல் சைகை எனக்கு அப்படிச் சுட்டது. அப்படிப்பட்டவ அந்த வீட்டுல தனக்குன்னு ஒரு இடத்தை எப்படி உண்டாக்கிக்கிறாங்கிறதுக்காகவே இந்தத் தொடரோட மூணு பாகமும் படிக்கலாம்.

வன்முறை உண்டு, படுக்கையறைக் காட்சியும் உண்டு. ஒன்பதாவது படிக்கிற பொண்ணுக்கு வேண்டாம். உங்களுக்குன்னா கண்ணை மூடிட்டு வாங்கலாம்.

ராக்குருவி

ஆர். எஃப். குவாங்கோட 'தி பாப்பி வார்' (2018) யாராவது சொல்வாங்க, அதனால முன்கூட்டியே எச்சரிக்கை. ரின், போர்ல அநாதையான பொண்ணு. வளர்ப்புக் குடும்பம் அபின் விக்குது. தங்களோட வியாபாரத்துக்காக அவளை ஒரு கிழவனுக்குக் கட்டி வைக்கப் பார்க்குது. தப்பிக்க ஒரே வழி நாடு முழுக்க நடக்கிற தேர்வு. தூக்கம் வராம இருக்க மெழுகைக் கையில ஊத்திக்கிட்டுப் படிக்கிறா. அந்தப் பக்கங்களைப் படிச்சா அவளை மறக்கவே முடியாது.

ஆனா பின்பாதி முழுக்கப் போர். 1937ல நான்ஜிங்ல நடந்த படுகொலையை வச்சு எழுதின ஒரு அத்தியாயம் இருக்கு. அதைப் படிச்சுட்டு நான் புத்தகத்தைக் கொஞ்ச நாள் தள்ளி வச்சேன். நல்ல நாவல், அவசியமான நாவல். சின்னப் பொண்ணோட சேர்ந்து படிக்கிற நாவல் கிடையாது.

வேம்படி

சின்னப் பெண்ணும் படிக்க வேண்டும், ஆட்களும் நிலைக்க வேண்டும் என்றால் நான் சொல்வது 'மொரிபிட்டோ: கார்டியன் ஆஃப் தி ஸ்பிரிட்'. நஹோகோ உவேஹாஷி ஜப்பானிய மொழியில் 1996ல் எழுதியது. கேத்தி ஹிரானோவின் ஆங்கில மொழிபெயர்ப்பு 2008ல் வந்தது. சிறுவர் நூல் வரிசையில் வைத்திருப்பார்கள், அதனாலேயே பெரியவர்கள் பலர் இதைத் தொடாமல் போய்விடுகிறார்கள் என்பது எனக்கு நிஜமாகவே வருத்தம்.

நாயகி பால்சாவுக்கு முப்பது வயது. ஈட்டிதான் ஆயுதம். கூலிக்கு மெய்க்காவல் செய்வது பிழைப்பு. கல்யாணம் இல்லை, பிள்ளை இல்லை, பிறந்த ஊரை விட்டு ஆறு வயதில் ஓடிவந்தவள். வெயிலில் காய்ந்த முகம். அழகியாக மாறப்போகும் பெண்ணாகவோ, பிறப்பு ரகசியம் வெளிப்படப்போகும் இளவரசியாகவோ அவளை ஆசிரியர் வைக்கவில்லை. வேலை தெரிந்த ஒரு நடுவயதுக்காரியாகவே நாவல் முழுக்க நிற்கிறாள்.

ஆரம்பம் இப்படி. பால்சா ஆற்றைக் கடந்துகொண்டிருக்கும்போது மேல்புறத்துப் பாலத்தில் அரச ஊர்வலம் போகிறது. வண்டி மாடு மிரள, இரண்டாம் இளவரசன் ச்சகும் ஆற்றில் விழுகிறான். குதித்துக் காப்பாற்றுகிறாள். நன்றி சொல்வதற்கென்று அவளை அழைத்துப்போகிறார்கள். நடு இரவில் பையனின் தாய், இரண்டாம் ராணி, அவளிடம் வருகிறாள்: பிள்ளைக்குள் ஏதோ புகுந்திருக்கிறது, அது அரச வம்சத்துக்கு இழுக்கு என்று தகப்பனே அவனைக் கொல்லப் பார்க்கிறார், இவனைக் கூட்டிக்கொண்டு போய்விடு.

அந்த இடத்தில் பால்சா கும்பிட்டு ஏற்றுக்கொள்வதில்லை. ராணி செய்வது அநியாயம் என்று நேரடியாகச் சொல்லிவிடுகிறாள். ரகசியம் காதில் விழுந்தாகிவிட்டது. முடியாது என்றாலும் உயிரோடு விடமாட்டார்கள், சரி என்றாலும் துரத்திக் கொல்ல வருவார்கள். ஒரு தாயின் தவிப்பு நமக்குப் புரிகிறபோதே, அவள் இன்னொரு உயிரை எப்படி மூலையில் தள்ளுகிறாள் என்பதும் புரிகிறது. இத்தனையையும் சொல்லிவிட்டுத்தான் பால்சா பையனின் கையைப் பிடிக்கிறாள். நான் அவளிடம் மொத்தமாகச் சாய்ந்தது அந்தக் காட்சியில்.

ஏன் ஒப்புக்கொள்கிறாள் என்பதுதான் கதையின் முதுகெலும்பு. பாதிக்குள்ளேயே தெரிந்துவிடுவதால் சொல்கிறேன். அவளுடைய தகப்பன் கன்பால் நாட்டு அரண்மனை வைத்தியர். அரசியல் சூழ்ச்சியில் அவர் உயிர் போக, மகளைத் தூக்கிக்கொண்டு ஓடியவர் அவருடைய நண்பர் ஜிகுரோ. நாட்டின் தலைசிறந்த ஈட்டி வீரர். பின்தொடர்ந்து வந்தவர்கள் அவருடைய பழைய தோழர்கள். குழந்தையைக் காக்க அவர்களை ஒவ்வொருவராகக் கொல்ல வேண்டியிருந்தது: எட்டுப் பேர். அந்த எட்டுக்கு ஈடாக எட்டு உயிரைக் காப்பாற்றுவேன் என்று பால்சா எடுத்துக்கொண்ட உறுதிதான் அவளை ஊர் ஊராக நடக்க வைக்கிறது. ஒருவனைக் காக்கப் போனால் இன்னொருவனைக் காயப்படுத்தாமல் முடியாது என்பதும் வருடங்கள் போகப்போக அவளுக்குத் தெரிந்துவிட்டது.

ஒரு குளிர்காலம் முழுக்க மலைக்குகை ஒன்றில் அவர்கள் தங்குகிறார்கள். தன் கதையை அவள் பையனுக்குச் சொல்வது அங்கேதான். அவனும் தான் கேட்காத ஒன்றைச் சுமந்துகொண்டு, அதற்காகத் துரத்தப்படுகிறவன். ஜிகுரோ தன்னை எப்படிச் சுமந்தார் என்பது அவளுக்கு விளங்குவதும் இந்தப் பையனைச் சுமந்த பிறகுதான். இருபது பக்கத்துக்குள் மூன்று தலைமுறை நம் முன்னால் வந்து உட்கார்ந்துவிடும்.

தாண்டாவைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் பாவம். மூலிகை வைத்தியன், பால்சாவின் சிறுவயதுத் தோழன். சமைப்பான், காயத்துக்குத் தையல் போடுவான். ஒவ்வொரு முறையும் அவள் வெட்டுப்பட்டு வந்து நிற்கும்போது அவனுக்கு வருகிற கோபத்தைப் பாருங்கள். அவ்வளவு காதலையும் அந்தக் கோபத்துக்குள்தான் ஆசிரியர் வைத்திருக்கிறார். அவனுடைய குரு தொரொகாய் என்கிற கிழவி வேறு. எவருக்கும் அடங்காதவள், நாட்டை ஆளும் அரசர் மிகாடோவையே மதிக்காதவள்.

கரிசல் காத்து

வேம்படி, இவ்வளவு சொன்ன பிறகு நானும் படிக்காம இருக்க முடியாது. ஒரு கேள்வி. மிகாடோன்னு வருது, ஈட்டி வருது. பேரை மாத்தி வச்ச பழைய ஜப்பான்தானா இது?

வேம்படி

இல்லை. உவேஹாஷி மானிடவியல் படித்தவர், ஆஸ்திரேலியப் பழங்குடி மக்களிடையே களப்பணி செய்தவர். அது நாவலின் எலும்பு வரை இறங்கியிருக்கிறது. கதை நடக்கும் நாட்டின் பெயர் புதிய யோகோ. யோகோ மக்கள் கடல் கடந்து வந்து குடியேறியவர்கள். அந்த மண்ணில் அவர்களுக்கு முன்பே இருந்தவர்கள் யாக்கூ மக்கள். முதல் மிகாடோ ஒரு நீர் அரக்கனைக் கொன்று நாட்டை மீட்டார் என்பது அரசு சொல்லும் வரலாறு. யாக்கூ மக்களிடம் அதே சம்பவத்துக்கு வேறு கதை இருந்தது. ஆனால் தலைமுறைகள் கலந்து, பேச்சு மாறி, அது பாதி தேய்ந்துவிட்டது. ச்சகுமுக்குள் இருப்பது அரக்கனா, மழையைக் கொண்டுவரும் ஒன்றா என்பதற்கு விடை இந்த இரண்டு கதைகளுக்கும் நடுவில் இருக்கிறது.

அரண்மனைப் பக்கம் ஷுகா என்ற இளம் வானியல் அறிஞன் பழைய கல்வெட்டுகளைப் படித்துக்கொண்டு போகிறான். மலைப் பக்கம் தாண்டாவும் தொரொகாயும் திருவிழா வழக்கங்களிலும் கிழவர்களின் ஞாபகத்திலும் தேடுகிறார்கள். ஒரு பையனின் உயிர் பிழைப்பது இந்தத் தேடலைப் பொறுத்திருக்கிறது. வென்றவர்கள் எழுதி வைத்ததும் தோற்றவர்கள் பாடி வைத்ததும் இப்படி மோதுவதை நான் வேறு எந்த ஃபேன்டஸியிலும் இவ்வளவு கூர்மையாகப் பார்த்ததில்லை.

உலகத்தை எப்படிக் கட்டுகிறார் என்பதற்கு ஒரு சின்ன உதாரணம். அரண்மனையை விட்டு வந்த இளவரசன் கடைச் சாப்பாடு சாப்பிடும் இடம். அரிசியும் பார்லியும் சரிபாதியாகக் கலந்த சூடான சோறு, மேலே இனிப்பும் காரமுமான சாறு தடவிச் சுட்ட வெள்ளை மீன். அவ்வளவுதான் வர்ணனை. அந்த நகரத்தில் யார் என்ன சாப்பிடுகிறார்கள், எது வயிற்றை நிரப்பும், எது காசுக்குக் கட்டுப்படியாகும் என்பது அதற்குள் வந்துவிடுகிறது. அவருடைய கதைகளில் வரும் சாப்பாட்டை வைத்தே 2009ல் ஜப்பானில் ஒரு சமையல் புத்தகம் போட்டார்கள்.

செங்காந்தள்

நானும் படித்திருக்கிறேன். வேம்படி சொல்வதில் பாதியை ஏற்கிறேன். பால்சா அபாரம், மறுப்பில்லை. ஆனால் மிகாடோ எனக்கு அட்டைப்படம் மாதிரிதான் தெரிந்தார். மகனைக் கொல்ல ஆணையிடும் தகப்பனுக்குள் என்ன நடக்கிறது என்று ஒரு அத்தியாயமாவது வேண்டாமா? இரண்டாம் ராணியும் ஆரம்பத்தில் அவ்வளவு வலுவாக வந்துவிட்டு அப்புறம் காணாமல் போகிறாள். நடையும் எளிமை. கரிசல் காத்து சொன்ன கவுல் குடும்பத்தின் கதையில் எதிர்க்குலத்து ஐட் மடாவுக்குக்கூட நியாயம் இருக்கிறது. அவள் பேசும்போது அவள் பக்கம் சாய்ந்துவிடுவோமோ என்று பயமாக இருக்கும். பெரிய வாசகருக்கு அந்தக் கனம் தேவைப்படும்.

வேம்படி

மிகாடோ பற்றி நீங்கள் சொல்வது சரி. முதல் பாகத்தில் அவர் ஒரு பதவி மட்டுமே, ஆளாக எழவில்லை. ராணி விஷயத்திலும் எனக்கு அதே குறை உண்டு.

எளிமையைக் குறையாக நான் எடுக்கவில்லை. சண்டைக் காட்சிகளைப் பாருங்கள். நான்கு பேர் ஒருத்தியைச் சூழ்கிறார்கள். யார் எங்கே நிற்கிறார்கள், தரை எப்படி இருக்கிறது, எந்தத் தசை முதலில் தளர்கிறது என்பது வரை தெளிவாக இருக்கும். சண்டை முடிந்ததும் காயம் முடிந்துவிடாது. காய்ச்சல், கட்டு, நடக்க முடியாத நாட்கள் எல்லாம் கதையின் நேரத்தைத் தின்னும். பால்சா அடிபட்டுக் கிடக்கும்போது ச்சகும் தனியாகப் போய் தாண்டாவைக் கூட்டிவர வேண்டிய கட்டம் வரும். அதுவரை தன் காரியம் எதையும் தானே செய்து பழகாத பிள்ளை அவன். அப்படிப் போய்வருவதிலேயே ஒரு பையன் வளர்கிறான். துரத்தி வருகிற வேட்டையர்களும் வெறும் கொலைகாரர்கள் இல்லை. குழந்தையைக் கொல்லச் சொன்ன ஆணை அவர்களையும் அரிக்கிறது.

கடலோரம்

'மொரிபிட்டோ' புத்தகம் படிச்சதில்ல, அதை வச்சு 2007ல வந்த அனிமே (ஜப்பானிய அனிமேஷன் தொடர்) பார்த்திருக்கேன். புரொடக்‌ஷன் ஐ.ஜி. தயாரிப்பு, 26 எபிசோட், கென்ஜி கமியாமா இயக்கம். அதுல நடுவுல ரொம்ப நேரம் ஒரு ஊர்ல அடையாளத்தை மறைச்சு வாழ்வாங்க, பையன் அக்கம்பக்கத்துப் பசங்களோட பழகுவான். எனக்கு அந்தப் பகுதிதான் ரொம்பப் பிடிச்சது. புத்தகத்துல அது இருக்கா?

வேம்படி

பெரும்பாலும் அனிமேக்காக விரித்தது. ஒரு நாவலை 26 பாகமாக்கும்போது அந்த இடம் கிடைத்தது, நன்றாகவும் செய்தார்கள். ஆனால் நிலாமுற்றம், முதலில் புத்தகம் படியுங்கள். பால்சா பேசாமல் இருக்கும் நேரத்தில் அவள் மனசுக்குள் என்ன ஓடுகிறது என்பது எழுத்தில்தான் கிடைக்கும்.

ராக்குருவி

இந்தப் பட்டியல்ல ஒரு பழைய புத்தகத்தையும் சேர்க்கிறேன்: பேரி ஹியூகார்ட்டோட 'பிரிட்ஜ் ஆஃப் பேர்ட்ஸ்', 1984. எழுதினவர் அமெரிக்கர், உண்மையில இருந்திராத ஒரு பழைய சீனாவுல நடக்குது. கிராமத்துக் குழந்தைங்க எல்லாம் விஷத்தால மயங்கிக் கிடக்க, மருந்து தேடி ஒரு குடியானவ இளைஞனும் குடிகாரக் கிழட்டு அறிஞர் ஒருத்தரும் கிளம்புறாங்க. அந்தக் கிழவர் மாஸ்டர் லீ மாதிரி ஒரு துணை கிடைச்சா எந்த ஊருக்கும் நடந்தே போகலாம். அங்கங்க பெரியவங்க சமாச்சாரம் வரும், முதல்ல நீங்க படிச்சுப் பார்த்துட்டுப் பொண்ணுக்குக் கொடுங்க.

நிலாமுற்றம்

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. 'மொரிபிட்டோ' கிடைச்சுது, படிக்க ஆரம்பிச்சுட்டோம். ராத்திரி ஆளுக்கொரு அத்தியாயம் சத்தமா வாசிக்கிறோம். குகைக்குள்ள குளிர்காலம் ஆரம்பிக்கிற இடத்துல இருக்கோம்.

ராணி வர்ற காட்சியில என் அக்கா மகளுக்கும் எனக்கும் சண்டையே வந்துடுச்சு. ராணி சுயநலக்காரின்னு அவ சொல்றா. புள்ளையைக் காப்பாத்த வேற யார்கிட்ட போவாங்கிறது என் கட்சி. அவளோட வாதம்: பால்சாவுக்கும் ஒரு அம்மா இருந்திருப்பாங்கல்ல, அவங்களைப் பத்தி ராணி நினைச்சாளா? எனக்குப் பதில் சொல்லத் தெரியல. தாண்டாவை ரெண்டு பேருக்கும் பிடிச்சிருக்கு. ஷுகா மேல எனக்கு இன்னும் நம்பிக்கை வரல, அவளுக்கு வந்துடுச்சு.

'ஜேட் சிட்டி'யையும் எனக்குன்னு தனியா வாங்கி வச்சிருக்கேன். கரிசல் காத்து, வெனைப் பத்தி நீங்க எழுதினதுதான் காரணம்.

இதுக்கு அடுத்து என்ன? தொடர் பெருசுன்னு கேள்விப்பட்டேன்.

கரிசல் காத்து

ரொம்ப சந்தோஷம். 'ஜேட் சிட்டி'யில முதல் நூறு பக்கம் பேர், பதவி, குல வழக்கம்னு கொஞ்சம் தடுமாற வைக்கும். விட்டுடாதீங்க. தாத்தா வீட்டுச் சாப்பாட்டு மேசையில எல்லாரும் உட்கார்ற காட்சிகளை மட்டும் கவனமாப் படிங்க. யாருக்கு யார் மேல என்ன மனத்தாங்கல்னு அங்கயே புரிஞ்சுடும்.

வேம்படி

உங்கள் அக்கா மகள் கேட்டது நல்ல கேள்வி. அவளை இரண்டாம் பாகத்துக்கு அவசியம் கூட்டிப்போங்கள்.

ஜப்பானிய மொழியில் மூலத் தொடர் 10 புத்தகம். ஆங்கிலத்தில் வந்தது முதல் இரண்டு மட்டுமே. இரண்டாவது 'கார்டியன் ஆஃப் தி டார்க்னெஸ்'. இருபத்தைந்து வருடம் கழித்து பால்சா கன்பாலுக்குத் திரும்புகிறாள். அது ஏழை மலைநாடு, விளைச்சல் போதாது. மலைக்கடியிலிருந்து அபூர்வமாகக் கிடைக்கும் நீலக்கல்லை விற்றுத் தானியம் வாங்கித்தான் சனங்கள் சாப்பிட வேண்டும். தன்னை வளர்த்த ஜிகுரோவை அந்த நாடு துரோகி என்று எழுதி வைத்திருப்பதை அங்கே போய்த்தான் அவள் கேட்கிறாள். எனக்கு முதல் பாகத்தைவிட இதுதான் உயர்ந்தது. தன்னால் ஒருவர் வாழ்க்கை பாழானது என்கிற எண்ணத்தோடு வளர்ந்த பிள்ளையின் கோபமும் நன்றியும் ஒரே ஈட்டிச் சண்டையில் வெளிவரும் காட்சி ஒன்று இருக்கிறது. அதற்கு மேல் சொல்ல மாட்டேன்.

அதை முடித்த பிறகு அதே ஆசிரியரின் 'தி பீஸ்ட் பிளேயர்'. மொழிபெயர்ப்பாளரும் அதே ஹிரானோதான். எலின் என்ற சிறுமி, அரசுக்குச் சொந்தமான காட்டு விலங்குகளோடு பேசக் கற்கிறாள். விலங்கை உறைய வைக்கும் ஊதல் ஒன்று உண்டு. எல்லாப் பராமரிப்பாளர்களும் அதைப் பயன்படுத்துகிறார்கள், எலின் தொட மறுக்கிறாள். விலங்குப் பிரியம் உள்ள பிள்ளை என்றால் கீழே வைக்க மாட்டாள். ஆரம்பத்திலேயே தாய்க்கு நடப்பது மனதைப் பிழியும், அந்த அத்தியாயத்தை மட்டும் நீங்கள் சத்தமாக வாசியுங்கள்.